கடலுக்கு அடியில் ரயில் ஓடணும்னா எத்தனை கையெழுத்து வேணும்?

நாடு விட்டு நாடு போகும் பாதைகளை யார் முடிவு செய்கிறார்கள், அதில் உங்கள் குரலுக்கு எங்கே இடம் என்று ஓர் எளிய விளக்கம்

செல்போனில் வரைபடச் செயலியைத் திறங்க. தனுஷ்கோடியில் ஒரு விரல், தலைமன்னாரில் ஒரு விரல் வைங்க. இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் கடல்.

இப்போ அப்படியே இங்கிலாந்தின் தென்கிழக்கு முனைக்குப் போங்க. டோவர் பக்கத்துக் கரைக்கும் பிரான்ஸ் கரைக்கும் நடுவில் கடல் மிகக் குறுகலாக இருக்கும் இடத்தில் அகலம் சுமார் 33 கிலோமீட்டர். கிட்டத்தட்ட நம்ம அளவுதான். ஆனால் அங்கே வழி கேட்டால், காரோடு ரயிலில் ஏறி 35 நிமிடத்தில் அக்கரை சேரலாம். இங்கே கார் வழி கேட்டால் பாதை கிடைக்காது.

"அவங்ககிட்ட தொழில்நுட்பம் இருக்கு, நம்மகிட்ட இல்ல" என்று சட்டென்று சொல்லத் தோன்றும். அது முழு உண்மை இல்லை. பிரிட்டனும் பிரான்ஸும் 1880-களிலேயே தங்கள் கரைகளிலிருந்து கடலுக்கடியில் எந்திரத்தால் தோண்ட ஆரம்பித்துவிட்டன. ஆனால் சுரங்கத்தில் ரயில் ஓடியது 1994-ல்தான். இடைப்பட்ட நூறு ஆண்டுக்கு மேலான காலத்தில் பெரிய தடையாக இருந்தது பாறை அல்ல; இரு அரசுகளும் ஒன்றாகப் பதில் சொல்ல வேண்டியிருந்த ஐந்து கேள்விகள்.

எல்லை எங்கே? பணம் யாருடையது? பாஸ்போர்ட்டை யார், எங்கே பார்ப்பது? விபத்து நடந்தால் யார் பொறுப்பு? பாதிக்கப்படும் மக்கள் யாரிடம் பேசுவது?

இந்த ஐந்துக்கும் அங்கே என்ன பதில் எழுதினார்கள் என்று பார்ப்போம். பிறகு நம்ம கடலுக்கு வருவோம்.

தோண்டி நிறுத்திய கதை

கால்வாய்ச் சுரங்கம் என்ற யோசனை புதிதல்ல. 1802-லேயே ஆல்பர்ட் மாத்யூ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் குதிரை வண்டிகள் போகும் சுரங்கத்துக்கு வரைபடம் போட்டார். 1880-களில் தோண்டும் வேலை நன்றாகவே நடந்தது. ஆனால் 1882-ல் பிரிட்டன் நிறுத்திவிட்டது. காரணம் ராணுவ பயம். இந்த வழியாக எதிரிப் படை உள்ளே வந்துவிட்டால் என்ன செய்வது என்று தளபதிகள் கேட்டார்கள்.

அடுத்த பெரிய முயற்சி 1970-களில். இம்முறை இரு அரசுகளும் சேர்ந்தே தொடங்கின. 1975 ஜனவரியில், பொருளாதார நெருக்கடியைக் காரணம் காட்டி பிரிட்டன் விலகியது. மறுபடியும் பாதியில் நின்றது.

மூன்றாவது முறை வரிசையை மாற்றினார்கள். முதலில் ஒப்பந்தம், அப்புறம் எந்திரம். 1985-ல் இரு அரசுகளும் திட்டங்களை அனுப்பச் சொல்லி அழைப்பு விட்டன. பாலம், பாலமும் சுரங்கமும் கலந்த பாதை, சாலைச் சுரங்கம், ரயில் சுரங்கம் என்று பல யோசனைகள் வந்தன. 1986 ஜனவரி 20-ல் ரயில் சுரங்கம் தேர்வானது. அதே ஆண்டு பிப்ரவரி 12-ல் இங்கிலாந்தின் கேன்டர்பரி நகரில் உடன்படிக்கை கையெழுத்தானது. அதை நிறைவேற்ற பிரிட்டன் நாடாளுமன்றம் 1987-ல் தனிச் சட்டமே இயற்றியது. அதன் பிறகுதான் தோண்டும் எந்திரங்கள் இறங்கின. 1990 டிசம்பர் 1-ல் இரு பக்கத்துத் தொழிலாளர்களும் கடலுக்கடியில் கைகுலுக்கினார்கள். 1994 மே 6-ல் சுரங்கம் திறக்கப்பட்டது. மொத்த நீளம் சுமார் 50 கிலோமீட்டர். அதில் 38 கிலோமீட்டர் கடலுக்கு அடியில்.

இதோடு ஜப்பானின் சீக்கன் சுரங்கத்தை ஒப்பிட்டுப் பாருங்க. 1954-ல் டோயா மாரு என்ற பயணிகள் கப்பல் புயலில் மூழ்கி ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அந்தத் துயரம் கடலடிச் சுரங்கத்துக்கான கோரிக்கையை வலுப்படுத்தியது. ஏறக்குறைய 54 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் 1988 மார்ச்சில் திறக்கப்பட்டது. தோண்டுவது அங்கேயும் கடினம்தான். 34 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஆனால் இரு கரையும் ஒரே நாடு. எல்லைக் கேள்வியும் இல்லை, பாஸ்போர்ட் கேள்வியும் இல்லை. இரண்டு நாடு என்றவுடன்தான் ஐந்து கேள்விகளும் வருகின்றன.

கேள்வி 1: கடலுக்கடியில் எல்லைக்கோடு எங்கே?

நிலத்தில் எல்லைக்கு வேலி போடலாம், கல் நடலாம். கடற்படுகைக்கும் கீழே என்ன செய்வது?

கேன்டர்பரி உடன்படிக்கை இதற்கு ஒரு நேர்த்தியான விடை சொல்கிறது. கடற்படுகையை எப்படிப் பிரித்துக்கொள்வது என்று இரு நாடுகளும் 1982-ல் ஏற்கெனவே ஒரு கோட்டை ஒப்புக்கொண்டிருந்தன. அந்தக் கோட்டை அப்படியே செங்குத்தாகக் கீழே இறக்கினால் சுரங்கத்தை எங்கே வெட்டுகிறதோ, அதுதான் எல்லை. அவ்வளவுதான்.

சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் சுரங்கத்துக்குள் வேலை பார்க்கும் தொழிலாளிக்கு எந்த நாட்டுச் சட்டம், ஒரு திருட்டு நடந்தால் எந்த நாட்டு நீதிமன்றம் என்பதெல்லாம் இந்தக் கோட்டைப் பொறுத்தது. ஓடும் ரயிலில் குற்றம் நடந்து, அது கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றே தெரியாவிட்டால்? அதற்கும் பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நபர் முதலில் எந்த நாட்டில் வந்து இறங்குகிறாரோ, அந்த நாட்டுக்கே முன்னுரிமை.

கேள்வி 2: பணம் யாருடையது?

"அரசுப் பணம் ஒரு பைசா கிடையாது" என்பது அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரின் நிபந்தனை. அரசு நிதியோ அரசு உத்தரவாதமோ இல்லாமல் கட்ட வேண்டும் என்பது உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டது. யூரோடனல் என்ற தனியார் கூட்டு நிறுவனத்துக்கு உரிமம் தரப்பட்டது. அவர்களே கட்டி, கட்டணம் வசூலித்து, காலம் முடிந்ததும் இரு அரசுகளிடமும் ஒப்படைக்க வேண்டும். முதலில் 55 ஆண்டுகள் என்று இருந்த உரிமக் காலம் நீட்டிக்கப்பட்டு, இப்போது 2086 வரை போகிறது.

ஏன் நீட்டித்தார்கள்? கட்டுமானச் செலவு திட்டமிட்டதைவிட ஏறக்குறைய 80 சதவீதம் கூடியது. இத்தனை பேர் பயணம் செய்வார்கள் என்று போட்ட கணக்கும் பலிக்கவில்லை. வங்கிக் கடன் மலையாகக் குவிந்தது. 2006-ல் நிறுவனம் பாரிஸ் நீதிமன்றத்தின் பாதுகாப்பைத் தேடிப் போனது. 2007-ல் கடன் பெருமளவு குறைக்கப்பட்டு மறுசீரமைக்கப்பட்டது. வரிப்பணத்தை நேரடியாகத் தொடவில்லை என்பது உண்மைதான். ஆனால் சேமிப்பை எடுத்துப் பங்கு வாங்கிய லட்சக்கணக்கான சாதாரண மக்கள், முக்கியமாகப் பிரெஞ்சுக்காரர்கள், போட்ட பணத்தின் பெரும்பகுதியை இழந்தார்கள்.

வேறு வழியும் உண்டு. டென்மார்க்கும் ஸ்வீடனும் 1991-ல் ஒப்பந்தம் போட்டு, 2000 ஜூலை 1-ல் திறந்த ஓரெசுண்ட் இணைப்பைப் பாருங்க. கடலின் ஒரு பகுதிக்குப் பாலம், நடுவில் செயற்கைத் தீவு, மறு பகுதிக்குச் சுரங்கம். பாலத்தை அப்படியே கோபன்ஹேகன் வரை ஏன் நீட்டவில்லை? பக்கத்திலேயே விமான நிலையம். உயரமான பாலத் தூண்கள் விமானங்களுக்கு இடைஞ்சல். கப்பல்களுக்கும் வழி விட வேண்டும். இந்த இணைப்பு இரு அரசுகளுக்கும் சரிபாதி சொந்தம். அரசு உத்தரவாதத்தோடு கடன் வாங்கி, சுங்கக் கட்டணத்திலிருந்து அடைக்கிறார்கள்.

எந்த முறை நல்லது என்பது தனி விவாதம். குடிமக்களாக நாம் கேட்க வேண்டியது இதுதான்: கணக்கு தப்பினால் நஷ்டம் யார் தலையில்? இது ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா?

கேள்வி 3: பாஸ்போர்ட்டை எங்கே பார்ப்பது?

35 நிமிடப் பயணம். இரு பக்கமும் வரிசையில் நின்றால் பயணத்தைவிட வரிசை நீளம். அதோடு, அக்கரை போன பிறகு அனுமதி இல்லை என்று சொன்னால் அந்த நபரை மறுபடி சுரங்கம் வழியாகத் திருப்பி அனுப்ப வேண்டும்.

இதற்காக 1991-ல் சங்கத் ஒப்பந்தம் வந்தது. அதன்படி பிரிட்டிஷ் அதிகாரிகள் பிரான்ஸ் மண்ணிலும், பிரெஞ்சு அதிகாரிகள் பிரிட்டிஷ் மண்ணிலும் உட்கார்ந்து சோதனை செய்கிறார்கள். புறப்படும் இடத்திலேயே இரு நாட்டுச் சோதனையும் முடிந்துவிடும். அக்கரையில் இறங்கினால் நேராக வெளியே போகலாம்.

வேறு நாட்டு அதிகாரி நம் மண்ணில் சோதனை செய்வதா என்று வியப்பாக இருக்கிறதா? நம்ம ராமநாதபுரம் மாவட்டத்திலேயே இது நடந்திருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, உடல்நலச் சோதனை முடிந்த பிறகே கப்பல் ஏற விடப்பட்டார்கள். அந்த முகாமை நடத்தியது இலங்கை அரசு. மண்டபம் கேம்ப் என்ற ஊர்ப் பெயர் இன்றும் அதைச் சொல்கிறது.

ஒன்றைக் கவனிங்க. சங்கத் ஒப்பந்தத்தில் இரு நாட்டுக்கும் ஒரே உரிமை. இவர் அங்கே, அவர் இங்கே. மண்டபத்தில் சோதனை ஒரு வழிதான். அங்கே அடைபட்டுக் கிடந்த தொழிலாளிக்கு முறையிட வாசல் எதுவும் எளிதில் திறக்கவில்லை. அதனால், யார் எந்த மண்ணில் சோதிக்கலாம் என்பதோடு, சோதிக்கப்படுபவரின் உரிமை என்ன என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி 4: தீ பிடித்தால் யார் ஓடி வருவது?

1996 நவம்பர் 18 இரவு. லாரிகளை ஏற்றிக்கொண்டு பிரான்ஸிலிருந்து வந்த ஷட்டில் ரயிலில் தீ. தீப்பிடித்தால் நிற்காமல் ஓட்டி வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்பதுதான் அப்போதைய திட்டம். ஆனால் வேறொரு எச்சரிக்கை விளக்கு எரிந்ததால் ஓட்டுநர் சுரங்கத்துக்குள்ளேயே நிறுத்த வேண்டியதாயிற்று. புகை சூழ்ந்தது. லாரி ஓட்டுநர்களும் ஊழியர்களுமாக 34 பேர் உள்ளே. அத்தனை பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

அவர்களைக் காப்பாற்றியது மூன்றாவது சுரங்கம். கால்வாய்ச் சுரங்கம் உண்மையில் ஒன்றல்ல, மூன்று. போக ஒன்று, வர ஒன்று, நடுவில் சிறியதாக ஒரு சேவைச் சுரங்கம். 375 மீட்டருக்கு ஒரு குறுக்கு வழி ரயில் சுரங்கத்தையும் சேவைச் சுரங்கத்தையும் இணைக்கிறது. சேவைச் சுரங்கத்தில் காற்றழுத்தம் எப்போதும் கூடுதலாக வைக்கப்படுகிறது. கதவைத் திறந்தால் காற்று வெளியே தள்ளுமே தவிர, புகை உள்ளே வராது.

மூன்றாவது சுரங்கம் தோண்டக் கூடுதல் செலவு. லாபம் மட்டும் பார்க்கும் நிறுவனத்துக்கு இதைக் குறைக்கத் தோன்றலாம். அதனால்தான் உடன்படிக்கை, இரு அரசுகளின் சார்பில் மேற்பார்வை செய்ய ஒரு கூட்டுக் குழுவையும், அதற்கு ஆலோசனை சொல்ல ஒரு பாதுகாப்பு ஆணையத்தையும் அமைத்தது. இரு நாட்டு மீட்புப் படைகளும் சேர்ந்து செயல்படும் அவசரத் திட்டமும் உண்டு. 1996 தீக்குப் பிறகு அந்தப் பாதுகாப்பு ஆணையம் விசாரித்து, குறைகளைச் சுட்டி அறிக்கை கொடுத்தது. 2008-ல் மறுபடி ஒரு பெரிய தீ. அதன் பிறகு, எரியும் ரயிலை நிறுத்தி நீர்ப்பனி தெளித்துக் கட்டுப்படுத்தும் நான்கு சிறப்புப் பகுதிகள் சுரங்கத்துக்குள் அமைக்கப்பட்டன.

நடத்துபவர் ஒருவர், கண்காணிப்பவர் வேறொருவர். இந்தப் பிரிவு காகிதத்தில் இருந்ததால்தான் தவறுகள் வெளியே வந்தன, திருத்தப்பட்டன.

கேள்வி 5: பாதிக்கப்படுபவர் யாரிடம் பேசுவது?

கால்வாய்ச் சுரங்க மசோதா பிரிட்டன் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, நேரடியாகப் பாதிக்கப்படுபவர்கள் நாடாளுமன்றக் குழுவிடம் மனு கொடுக்க வழி இருந்தது. நிலம் போகிறது, வீட்டுப் பக்கம் சத்தம் வரும் என்று கென்ட் மாவட்ட மக்கள் உட்படப் பலர் மனு கொடுத்தார்கள்.

இன்னும் கண்கூடான உதாரணம், டென்மார்க்கின் லோலான் தீவையும் ஜெர்மனியின் ஃபெமார்ன் தீவையும் இணைக்க இப்போது கட்டப்படும் ஃபெமார்ன்பெல்ட் சுரங்கம். நீளம் 18 கிலோமீட்டர். இதைத் தோண்டவில்லை. ஒவ்வொன்றும் 217 மீட்டர் நீளமும் சுமார் 73,000 டன் எடையும் உள்ள கான்கிரீட் துண்டுகளைக் கரையில் வார்த்து, கடலில் மிதக்கவிட்டு, கடற்படுகையில் வெட்டிய பள்ளத்தில் இறக்கி ஒன்றோடொன்று பூட்டுகிறார்கள்.

இரு நாடுகளும் இதற்கு 2008 செப்டம்பரில் ஒப்பந்தம் போட்டன. சுரங்கச் செலவை டென்மார்க் ஏற்றது. ஆனால் ஜெர்மனி பக்கத்தில் திட்டத்தை மக்கள் பார்வைக்கு வைத்தபோது 12,000-க்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் வந்தன. மீன்வளம், கடல் உயிரினங்கள், சுற்றுலா, ஃபெரி வேலைவாய்ப்பு என்று பல கவலைகள். அவற்றையெல்லாம் பரிசீலித்துத்தான் அனுமதி தர முடிந்தது. பிறகு வழக்கு. 2020 நவம்பரில் ஜெர்மனியின் உச்ச நிர்வாக நீதிமன்றம் வழக்குகளைத் தள்ளுபடி செய்த பிறகே, அந்தப் பக்கம் கட்டுமானத்துக்கு வழி திறந்தது. பன்னிரண்டு ஆண்டுகள்!

"இவ்வளவு தாமதமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இன்னொரு பக்கமும் இருக்கிறது. சுரங்கம் நூறு ஆண்டுக்கு மேல் இருக்கப்போவது. அந்தக் கடலை நம்பி வாழ்பவர் கேள்வி கேட்க அதற்கு முன் கிடைப்பது சில மாதங்கள்தான்.

சரி, நம்ம கடலுக்கு வருவோம்

தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் கடல் தாண்டிய ரயில் தொடர்பு ஒரு காலத்தில் இருந்தது. 1914 பிப்ரவரி 24-ல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. சென்னை எழும்பூரில் ரயில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையும் அந்த ரயில் பாதையையும் அழித்தது. ராமேஸ்வரம் ரயிலுக்கு 'போட் மெயில்' என்ற பெயர் மட்டும் மிச்சம்.

இப்போது துண்டு துண்டாகச் சில இணைப்புகள் திரும்பி வருகின்றன. போரில் அழிந்த தலைமன்னார் ரயில் பாதை இந்தியக் கடனுதவியோடு மீண்டும் போடப்பட்டு 2015 மார்ச்சில் திறக்கப்பட்டது. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறை பயணிகள் கப்பல் சேவை 2023 அக்டோபர் 14-ல் தொடங்கி, சில நாட்களில் பருவமழையால் நின்று, 2024 ஆகஸ்ட் 16-ல் மீண்டும் ஆரம்பமானது. பயணத் தூரம் சுமார் 60 கடல் மைல்.

நிலவழி இணைப்பு? 2023 ஜூலையில் இரு நாட்டுத் தலைவர்களும் வெளியிட்ட கூட்டு அறிக்கையில், அது சாத்தியமா என்று ஆய்வு செய்யப்படும் என்று இருக்கிறது. ஆய்வு என்பது முதல் படி. கட்டப்போகிறார்கள் என்று பொருள் அல்ல. வாட்ஸ்அப்பில் "ராமேஸ்வரம்–இலங்கை கடலடிச் சுரங்கம் ரெடி" என்று வண்ணப்படத்தோடு தகவல் வந்தால், மேலே சொன்ன ஐந்து கேள்விகளை வைத்துப் பாருங்க. உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டதா? பணம் யார் போடுகிறார்? மக்கள் கருத்துக் கேட்பு நடந்ததா? பதில் இல்லை என்றால், அந்தப் படத்தை ஃபார்வேர்ட் செய்ய வேண்டாம்.

யார் கையில் எது?

நம் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை அதிகாரங்களைப் பிரித்திருக்கிறது. வெளிநாட்டு உறவு, வெளிநாடுகளோடு ஒப்பந்தம், பாஸ்போர்ட் மற்றும் விசா, ரயில்வே, கடல் கப்பல் போக்குவரத்து, சுங்க எல்லை எல்லாம் மத்திய அரசின் பட்டியலில். நிலம், காவல், நாட்டின் கடல் எல்லைக்குள் மீன்பிடிப்பு ஆகியவை மாநிலப் பட்டியலில். கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் தாண்டிய மீன்பிடிப்பு மத்தியப் பட்டியலுக்குப் போய்விடும்.

நாகப்பட்டினம் கப்பலையே எடுத்துக்கொள்ளுங்க. ஒரே பயணத்தில் எத்தனை அலுவலகம் என்று பாருங்க:

• இரு நாட்டு ஒப்பந்தம், உங்கள் பாஸ்போர்ட்: மத்திய வெளியுறவு அமைச்சகம். விண்ணப்பிக்க 'எம்பாஸ்போர்ட் சேவா' செயலி போதும்.
• பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் சரிபார்ப்பு: மாநிலக் காவல்துறை.
• நாகப்பட்டினம் துறைமுகம்: மாநில அரசின் தமிழ்நாடு கடல்சார் வாரியம்.
• கப்பலின் பாதுகாப்புத் தரம்: மத்திய கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம்.
• குடியேற்றச் சோதனை: மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் குடியேற்றப் பிரிவு.
• கொண்டுபோகும், கொண்டுவரும் பொருள்கள்: மத்திய நிதி அமைச்சகத்தின் கீழ் வரும் சுங்கத்துறை.
• டிக்கெட், நேரம், லக்கேஜ் அளவு, பணம் திரும்பப் பெறுதல்: கப்பலை இயக்கும் நிறுவனம்.

காற்றும் மழையும் பார்த்துக் கப்பல் நேரம் மாறும். அதனால் கிளம்பும் முன் நிறுவனத்தின் இணையதளத்தில் அன்றைய நிலையைப் பார்த்துவிடுங்க. இலங்கைக்கான நுழைவு அனுமதி விதிகளையும் அந்நாட்டு அரசின் இணையதளத்திலேயே பார்ப்பது நல்லது.

உங்கள் குரல் எங்கே?

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளை உள்ளடக்கிய கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. பாக் விரிகுடாவில் 2022-ல் தமிழ்நாடு அரசு 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசு பாதுகாப்பகம் அறிவித்தது. இதே கடலில்தான் ஆயிரக்கணக்கான மீனவக் குடும்பங்களின் அன்றாட வாழ்க்கை. எந்தப் பெரிய திட்டம் வந்தாலும் கேள்விகள் வரும். கேட்பதற்கான இடங்கள் இவை:

மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். துறைமுகம் போன்ற பெரிய திட்டங்களுக்கு 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் இது நடக்கும். ஏற்பாடு செய்வது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தலைமை தாங்குவது மாவட்ட ஆட்சியர் அல்லது அவர் சார்பில் ஓர் உயர் அதிகாரி. குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். நேரில் பேசலாம், எழுத்திலும் கொடுக்கலாம். கூட்டத்துக்குப் போனால் நீங்கள் சொன்னது பதிவாகிறதா என்று கவனிங்க. கூட்ட நடவடிக்கைகளைக் கடைசியில் உள்ளூர் மொழியில் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி.

கடலோர ஒழுங்குமுறை அனுமதி. கடற்கரையை ஒட்டிய கட்டுமானங்களுக்கு மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் பரிசீலனை தேவை. விண்ணப்பங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 'பரிவேஷ்' இணையதளத்தில் செல்போனிலேயே பார்க்கலாம்.

தகவல் உரிமை மனு. கட்டணம் 10 ரூபாய். பதில் தரக் காலக்கெடு 30 நாள். தவறான துறைக்கு அனுப்பிவிட்டால் கவலை வேண்டாம். சட்டத்தின் 6(3) பிரிவுப்படி, அவர்களே 5 நாளுக்குள் சரியான துறைக்கு மாற்றி அனுப்ப வேண்டும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: வெளிநாட்டு உறவைப் பாதிக்கும் தகவல்களை மறுக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

புகார்கள். சாலை, துறைமுகம், நிலம், காவல் போன்ற மாநில விஷயங்களுக்கு முதலமைச்சர் உதவி மையம் 1100. பாஸ்போர்ட், சுங்கம், குடியேற்றம், ரயில்வே என்றால் மத்திய அரசின் 'சிபிகிராம்ஸ்' இணையதளம். வாசல் மாறிப் போனால் மனு அங்கேயும் இங்கேயும் அலையும். மேலே உள்ள பட்டியலை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்க.

பாக் நீரிணைக்குக் கீழே என்றைக்காவது ரயில் ஓடுமா, மேலே பாலம் வருமா, அல்லது கப்பலே போதும் என்று முடிவாகுமா என்பது இனி வரும் ஆய்வுகளும் இரு அரசுகளும் சொல்ல வேண்டியது. எது வந்தாலும் முதலில் வருவது ஒரு நாளிதழ் மூலையில் சின்ன எழுத்தில் ஓர் அறிவிப்பாகத்தான் இருக்கும். அந்த 30 நாள் உங்களுக்கானது. அதைத் தவறவிடாதீங்க.